வராத ஜப்பான்காரனும் கிழிந்த களிசானும்

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் சின்னம்மா வீட்டுக்கு முன்னால் நிற்கும் கொங்கிரீட் பெட்டியை இனிப் பாதுகாக்கப்போகிறார்கள். அண்மையில் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், சுற்றிவரக் கயிறு கட்டினார்கள். ஊர்க் கூட்டமும் வைத்தார்கள். இத்தனை காலமும் அது எப்படி உடைபடாமல் தப்பியது என்று கேட்டபோது ஆளாளுக்கு எழும்பிக் காரணம் சொன்னார்கள். தன் தகப்பன் காப்பாற்றினார் என்றார் ஒருவர். வைரவர் காப்பாற்றினார் என்றார் இன்னொருவர். நான் பின்வரிசைக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தேன். அதைக் காப்பாற்றியவன் நான்தான். ஆனால் காப்பாற்றிய நேரத்தில் என் இடுப்பில் காற்சட்டை இருக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொல்லக்கூடிய விஷயமா அது?

எழுதலாம். எழுத்தில் என்றால் ஆட்கள் என் இடுப்பைப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கடலால் வந்து இறங்குவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டிய காவலரண் அது. ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர். கடலைப் பார்த்தபடி துவக்குக் குழல் நீட்டுவதற்கு நீளமான ஒரு பிளவு. தரைப்பக்கம் ஒரு வாசல். ஜப்பான்காரன் வரவில்லை, மணல் வந்தது. எனக்கு ஒன்பது வயதாகும்போது வாசலில் முக்கால்வாசி மணல் ஏறியிருந்தது. மெலிந்த ஆளென்றால் தவழ்ந்து உள்ளே போகலாம். மாமாவின் வயிறு போகாது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுடையது இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பம். அம்மாவின் தங்கச்சி, அதாவது என் சின்னம்மா, கடற்கரையில் மீன்பிடிக்கும் ஒருவரை விரும்பி அவரோடு போய்விட்டார். இருவருக்கும் ஒரே அண்ணனான மாமா, தனக்கு இனித் தங்கச்சி ஒன்றுதான் என்று ஊரறிய அறிவித்தார். அதன்பிறகு வருடக்கணக்காகப் பேச்சில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு பள்ளிக்கூட விடுமுறைக்கும் என்னைப் பஸ் ஏற்றிவிடுவார். போகும்போது என்னோடு புது அரிசி போகும். வரும்போது கருவாடு வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய ஒரேயொரு சேவை நான்தான்.

ஒரு விடுமுறையில், காலை வெயில் ஏறுகிற நேரம், வாசலில் உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. அது பின்னால் இழுத்துவந்த பெட்டியில் இடிப்பதற்குச் சம்மட்டி, அலவாங்கு, சங்கிலி, இரண்டு கூலியாட்கள். சாரதிக்குப் பக்கத்தில் மாமா. சித்தப்பா மீனோடு சந்தைக்குப் போயிருந்தார். அல்லது மாமா அந்த நேரம் பார்த்துத்தான் வந்தாரோ என்னவோ.

“அண்ணை, வாங்கோ” என்றார் சின்னம்மா.

மாமா தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். “எத்தினை மாரிக்கு உந்த ஓலைக்குள்ளை கிடக்கப்போறாய்? கல்லு வீடு ஒண்டு போட்டுத் தாறன். அத்திவாரத்துக்குக் கல்லும் கம்பியும் உந்தா முன்னுக்கே நிக்குது, சும்மா.”

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கமாட்டார்கள். அதை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சின்னம்மாவுக்கு அது தெரியும். கண் கலங்கிவிட்டது. ஆனாலும், “அந்தப் பெட்டி அது பாட்டுக்கு இருக்கட்டுமே அண்ணை” என்று மெல்ல இழுத்தார்.

“ஏன், உது உனக்கு வெள்ளைக்காரன் தந்த சீதனமோ?”

கூலியாட்கள் சிரித்தார்கள். சின்னம்மா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதத் தொடங்கினார். வேண்டாம் என்றால் அண்ணன் மறுபடியும் போய்விடுவார். ஓம் என்றால் பெட்டி போய்விடும். அந்தச் சங்கடம் மட்டும் எனக்கே விளங்கியது. அந்தக் கொங்கிரீட்டில் அவருக்கு அப்படி என்ன ஆசை என்பதுதான் விளங்கவில்லை.

“டேய் மருமோன், உள்ளுக்கை பாம்பு கீம்பு கிடக்கோ எண்டு பாத்திட்டு வா” என்றார் மாமா. அங்கே நின்றவர்களில் மெலிந்தவனும் நான், கடித்தால் ஊருக்கு நட்டமில்லாதவனும் நான்.

வீரனாகத்தான் நுழைந்தேன். உள்ளே இருட்டு. பிளவினூடாக ஒரு கோடு வெளிச்சம். ஈர மணலோடு மண்ணெண்ணெய் மணமும் வந்தது. மூலையில் சாக்கால் மூடிய ஏதோ ஒன்று. பாம்பு சாக்குக்குக் கீழேதான் படுக்கும் என்று எனக்குள் இருந்த அறிவாளி சொன்னான். சாக்கை இழுத்தேன். பளபளவென்று உருண்டையாக ஒரு பித்தளை வயிறு. அதில் மணிக்கூடு மாதிரி ஒரு முகம், அதற்குள் ஒரு முள், பக்கத்தில் ஒரு திருகாணி. என் கை திருகாணியில் பட்டது. அந்தச் சாமான் “உஸ்ஸ்ஸ்” என்றது.

எங்கள் வகுப்பில் குண்டைப் பற்றி அதிகம் அறிந்தவன் நான். ஒரு படத்தில் பார்த்திருந்தேன். உருண்டையாக இருக்கும், மணிக்கூடு இருக்கும், வெடிக்க முதல் சீறும். எல்லாம் பொருந்திவிட்டது.

தலை முன்னால் போகவேண்டிய வாசலில் கால் முன்னால் வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துருக்கம்பி ஒன்று என் காற்சட்டையைப் பிடித்தது. கையைக் கட்டி நியாயம் பேச நேரமில்லை. காற்சட்டையைக் கம்பிக்கே கொடுத்துவிட்டு, “குண்டு! குண்டு! வெடிக்கப்போகுது!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

தம்பட்டமில்லாமல் சொல்கிறேன், நான் வேகமாகத்தான் ஓடினேன். ஆனால் மாமா என்னை முந்திக்கொண்டு போனார். அந்த வயிற்றோடு அவர் ஓடியதை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. சாரதி உழவு இயந்திரத்தைப் பின்னால் எடுத்து மணலில் அச்சுவரை புதைத்தார். கூலியாட்களில் ஒருவர் கடலுக்குள் பாய்ந்தார். தண்ணீருக்குள் குண்டு வெடிக்காது என்று பிறகு விளக்கம் சொன்னார்.

சின்னம்மா மட்டும் குசினியிலிருந்து வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே பெட்டியை நோக்கி நடந்தார்.

“எடியே, போகாதை! விசரே உனக்கு?” என்று ஒரு பனைக்குப் பின்னாலிருந்து மாமா கத்தினார்.

சின்னம்மா தவழ்ந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சீறல் நின்றது. நாங்கள் எல்லோரும் அவர் செத்துப்போய்விட்டார் என்ற முடிவுக்கு வந்த நேரத்தில், கையைத் துடைத்தபடி, என் காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுசி. அன்று முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

“ஓம் அண்ணை. பொடியன் சொன்னது சரி. குண்டுதான்.”

“ஜப்பான்காரன்ரையோ?”

“அதாத்தான் இருக்கும். இப்ப அடங்கிட்டுது. சும்மா இடிச்சு எழுப்பாதேங்கோ.”

“பொலிசுக்குச் சொல்லுவமோ?”

“சொன்னால் வந்து கரையை மறிச்சுப்போடுவினம். பிறகு கடல் தொழில் செய்யிற சனம் என்னத்தைத் தின்னுறது? தொடாமல் விட்டால் அது கிடக்கும், எங்களைப் போல.”

மாமாவுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள். என் காற்சட்டையைச் சின்னம்மா தைத்துத் தந்தார். மாமா போகும்போது முதல்முறையாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, “கல்லுக்கு வேற வழி பாக்கிறன், நீ யோசியாதை” என்றார். சொன்னபடி மாங்குளத்துப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றிவந்து அத்திவாரம் போட்டார். அதற்குப் பிறகு மாதமொருமுறை மீன் வாங்கும் சாட்டில் வந்துபோனார். ஜப்பான் குண்டைத் தன் கண்ணால் கண்டதாகப் போகுமிடமெல்லாம் சொன்னார். அந்தக் கதைக்குப் பயந்து பெட்டியின் கிட்டக்கூட எவரும் அலவாங்கோடு போகவில்லை. உண்மையான குண்டு எப்படி இருக்கும் என்று பிற்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரியவந்தது. அது வேறு கதை, அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கடலும் ஒருநாள் ஊருக்குள் வந்துபோனது. சுவர்கள் போயின. மாமாவின் கருங்கல் அத்திவாரமும் வெள்ளைக்காரனின் பெட்டியும் நின்றன. அந்த அத்திவாரத்தில்தான் சின்னம்மாவின் இப்போதைய வீடு நிற்கிறது.

பெட்டியை அளக்க வந்தவர்களில் பொறுப்பாயிருந்தவர் ஓர் இளம் பெண். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, சுவரைப் பிளந்துகொண்டு வருகிறதாம். முதலில் அதை மறிக்கவேண்டும் என்றார். வாசல் மணலை அள்ளி எடுத்ததும், பிளவுக்கு மேலே கூரையில் படர்ந்திருந்த கரியைக் காட்டி, “இது துவக்குப் புகையோ ஐயா?” என்று கேட்டார். துவக்கு நீட்டியும் சுடாத இடத்தில் புகை எப்படி வரும்? எனக்குத் தெரியவில்லை. சின்னம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். இப்போது வாசலில் தவழத் தேவையில்லை, குனிந்தால் போதும்.

அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அன்று அடக்கிய சிரிப்பு அத்தனையும் வந்தது.

“இது என்ரை பெற்றோமாக்ஸ் பத்தவைக்கேக்கை பிடிச்ச கரி, பிள்ளை. நிலவில்லாத நாளிலை கடலிலை நிக்கிறவைக்குக் கரை எல்லாம் ஒரே கறுப்பு. வெளியிலை வைச்சால் காத்து லாம்பை உடைச்சுப்போடும். இதுக்குள்ளை வைச்சால் கனதூரத்துக்குத் தெரியும். பெண்டுகள் நாங்கள் முறை வைச்சுக் கொளுத்தினனாங்கள்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உன்ரை குண்டு அதுதான்ரா” என்றார்.

“மாமாவுக்கு அதைச் சொல்லியிருக்கலாமே சின்னம்மா?”

“இவரைக் கட்டினதுக்குத்தானே அண்ணைக்கு அவ்வளவு கோவம். இவருக்கு விளக்கு வைக்கவேணும், அதாலை நீங்கள் தாற வீட்டுக் கல்லு வேண்டாமெண்டு எந்த வாயாலை சொல்லுறது? நான் அடுப்படியிலை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டன். நீ களிசானில்லாமல் ஓடி வந்தாய்.”

அந்த இளம் பெண்ணும் சிரித்தார். சிரித்துவிட்டு, கரியைச் சுரண்டவேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று தன் ஆட்களிடம் சொன்னார். வைக்கப்போகும் பலகையில் ஜப்பான்காரனுக்குக் கீழே இந்த விளக்கும் வருமாம். என் காற்சட்டை வராது. கேட்டுப் பார்த்தேன்.

குண்டு அகப்பட்ட அன்று பொழுதுபட, சித்தப்பா கடலுக்குப் போனபின், சின்னம்மா ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு பெட்டிப் பக்கம் போகப் புறப்பட்டார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“போகாதேங்கோ சின்னம்மா, வெடிச்சிடும்.”

“அது என்னை ஒண்டும் செய்யாது ராசா. நீ படலைக்குள்ளை நில்.”

வேலிப் படலைக்குள் நின்றேன். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, சின்னம்மா வெடிப்பதற்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. பெட்டிக்கு அப்பால், கறுத்துக் கிடந்த கடலில், அலைகளின் நுனி மட்டும் மெல்ல வெளுத்தது. நிலவு எழும்பிவிட்டதென்று நினைத்து நான் சாப்பிடப் போனேன்.