மியூசியம் வாசலில் மாமன் மாலை

என் கல்யாணம் அபுதாபியில் ஒரு மியூசியத்துக்குள் நடந்தது. பெண் அங்கே வேலை பார்க்கிறாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஊழியர் வீட்டு விசேஷத்துக்குக் கடலைப் பார்த்த கூடம் ஒன்றைக் காலையில், பார்வையாளர்கள் வருவதற்கு முன் கொடுப்பார்கள். சட்டப்படி பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தது. தாலி கட்டுவதுதான் பாக்கி.

அழைப்பிதழோடு பெண் வீட்டார் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுப்பியிருந்தார்கள், விருந்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று. என் பக்கத்து விருந்தினர் எல்லாரும் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரே தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள். வெல்டர், பெயின்டர், டிரைவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. எழுதி அனுப்பினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினேன்.

“எமிரேட்ஸ் ஐடி மறக்காதீங்க. பெரிய பை வேண்டாம். வேட்டி கட்டலாம், கேட்டுட்டேன். செருப்பைக் கழட்டாதீங்க, உள்ள போட்டுட்டுத்தான் நடக்கணும். சாப்பாடு தண்ணி எதுவும் கொண்டு வராதீங்க. போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. எதையும் தொடக் கூடாது. சுவத்துல சாயக் கூடாது. விளக்கு, கற்பூரம், அட்சதை கிடையாது. பூ கொண்டு வரக் கூடாது, அதுல இருக்கிற பூச்சி உள்ள இருக்கிற பழைய மரச் சாமானை அரிச்சிரும்.”

பதிலுக்குப் பெயின்டர் அண்ணன் ஒருவர் கேட்டார்: “தம்பி, மூச்சு விடலாமா, அதுக்கும் பாஸ் வாங்கணுமா?” பின்னாலேயே இன்னொரு குரல்: “ஒங்க மாமா இங்க வந்து இருவது வருசமாச்சு. அவரையும் பழைய சாமான்னு கண்ணாடிப் பெட்டியில வச்சுக்கிட்டா என்னப்பா பண்றது?” அறை முழுக்கச் சிரித்தது அதில் கேட்டது. மாமா சிரித்தாரா என்று மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தெரியவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி, வெல்டர். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன், அவளால் வர முடியாது. அப்பா இல்லை. ஆக ரத்த உறவென்று என் பக்கம் நிற்கப் போவது மாமா ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை கழுத்தில் விழாமல் மாப்பிள்ளை மணையில் உட்காருவதில்லை. அம்மா போனில் வேறு எதையும் கேட்கவில்லை. “மாமன் மாலையப் போட்டுக்கிட்டு உக்காருய்யா, அது போதும்.”

மாமா ரோஷக்காரர். பல வருடம் முன்பு ஒரு மாலில் வெள்ளிக்கிழமை காவலாளி அவரைத் தடுத்து, குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவர் எந்த மாலுக்கும் போனதில்லை. துணிமணியெல்லாம் கேம்ப் பக்கத்துக் கடையில்தான். வாசலில் யாராவது கை நீட்டி நிறுத்தினால் அவர் வாதாட மாட்டார், திரும்பிப் போய்விடுவார். எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

அதனால் அவருக்குத் தனியாகப் போன் செய்தேன். “மாமா, பொண்ணு வீட்ல துணிப்பூவுல மாலை செஞ்சு வச்சிருக்காங்க. நீங்க அதை எடுத்துப் போட்டா போதும்.”

நைட் ஷிப்டில் இருந்தார், கிரைண்டர் சத்தத்துக்கு மேல் குரல் வந்தது. “அது அவுங்க வீட்டு மாலை மாப்ள.”

“பூ உள்ள விட மாட்டாங்க மாமா.”

“அலங்காரத்துக்கு வைக்கிற பூவச் சொல்லிருப்பாக. இது முறை. முறைய யாரு தடுப்பா? நீ தூங்கு போ.”

தூக்கம் எங்கே வந்தது.

கல்யாணத்தன்று காலை கடும் மூடுபனி. பஸ் வரவில்லை. போன் அடித்தால், “எல்லா வண்டியும் ஊருது தம்பி, முன்னால போறவன் லைட்டப் பாத்துத்தான் வர்றோம்” என்றார் டிரைவர். உள்ளே பெண் வீட்டார் கடிகாரம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மியூசியம் திறப்பதற்குள் நாங்கள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். பட்டு வேட்டியோடு வெளிவாசலில் போய் நின்றேன். செருப்பு கழற்ற வேண்டாம் என்று சொன்னேனா, பெல்ட் சாவியெல்லாம் ஸ்கேனர் தட்டில் போடச் சொன்னேனா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. முதலில் இறங்கியவர் மாமா. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் மீன் கொண்டுபோகும் மாதிரி ஒரு தெர்மோகோல் பெட்டி. அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

காவலாளி பாகிஸ்தான்காரர், மரியாதையானவர். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஈரத் துணிக்கு நடுவில் ரோஜாவும் மல்லிகையும் மரிக்கொழுந்துமாகச் சுருண்டு கிடந்தது மாலை. ஊரிலிருந்து விமானத்தில் வரவழைத்திருக்கிறார்.

“பாய், ஃபூல் மாஃபி,” பூ கிடையாது என்றார் காவலாளி. கையைத்தான் நீட்டினார், குரலை உயர்த்தவில்லை.

மாமா மூடியை மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ உள்ள போ மாப்ள. நேரமாச்சு. நான் வண்டியில இருக்கேன்.”

அவர் திரும்பிவிட்டார். கேம்ப் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் ஏறினால் இவர்களும் ஏறிவிடுவார்கள். நான் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, இங்கேயே போடுங்க.”

“ரோட்டுலயா?”

“வாசல்ல. மாலை விழுந்துட்டுத்தானே உள்ள போய் மணையில உக்காரணும். வாசல்ல போட்டா என்ன?”

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பெயின்டர் அண்ணன்தான் பெட்டி மூடியைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்துப் போட்டார். “உக்காரு தம்பி, இதான் மணை. மெதுவா, ஒடையும்.”

“எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?” என்று யாரோ கேட்டார்கள். கிழக்கு. பனியில் சூரியனைக் காணோம். நான் காவலாளியிடம் திசை கேட்டேன். அவர் யோசிக்காமல் கையைக் காட்டினார், “கிப்லா உதர் ஹை,” கிப்லா அந்தப் பக்கம் என்று. தொழுகைக்கு அவர்கள் இங்கிருந்து மேற்கே பார்ப்பார்கள். நான் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மூடி விரிசல் விட்டது.

வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். மாமா மாலையை உதறினார், ஐஸ் தண்ணீர் என் மேல் தெறித்தது. போட்டார். கழுத்தில் அவ்வளவு குளிர்ச்சி. அம்மா ஏதோ சொன்னாள், சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் விளங்கவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு அடுத்த பயம். மாலையோடு உள்ளே போக முடியாது. தாலி கட்டும் முன் அதைக் கழற்றலாமா? யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள்.

“போட்டவன் நானு. கழட்டுறதும் நானேதான் கழட்டணும்,” என்றார். கழற்றி, டிரைவரிடம் கொடுத்து, பஸ் கண்ணாடியில் தொங்கவிடச் சொன்னார். பிறகு பெல்ட்டை அவிழ்த்துத் தட்டில் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்து உள்ளே போனார்.

உள்ளே தாலி கட்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சுவரிலிருந்து விலகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். எதையும் தொடக் கூடாது என்று நான்தான் அத்தனை தடவை சொல்லியிருந்தேன். கட்டி முடித்ததும் பெண் வீட்டார் ஒவ்வொருவராக வந்து தலையில் கை வைத்து வாழ்த்தினார்கள். மாமா முறை வந்தது. என் முன்னால் வந்து நின்றார், கை இன்னும் பின்னால்தான்.

“தொடலாமா மாப்ள?” என்று மெல்லக் கேட்டார்.

நான் தலையைத் தாழ்த்தினேன்.