அபீஸ்

கிரேன்காரனுக்கு இரண்டு சொல் போதும். 'ஆரியா' என்றால் இறக்கு, 'அபீஸ்' என்றால் தூக்கு. எந்த நாட்டுப் பாஷையோ, எவன் கொண்டுவந்தானோ, எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் வேலை கற்றபோது காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அதனாலேயே எங்கள் சைட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாக்கி டாக்கியில் யாரும் 'ஆபீஸ்' என்று சொல்லக் கூடாது. ஆபீஸைக் கூப்பிட வேண்டுமென்றால் 'கொட்டகை' என்றுதான் கூப்பிட வேண்டும். இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வருகிறவனுக்கு வாயால் சொல்லிவிடுவோம்.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், கம்பெனித் தொழிலாளிகளுக்காக அடுக்குமாடி ஹாஸ்டல் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் வைத்துக் கட்டுகிற வேலை இல்லை. அறைகளைப் பெட்டி பெட்டியாக யார்டில் வார்த்து, டைல்ஸ், குழாய், ஜன்னல் எல்லாம் அங்கேயே பொருத்தி டிரெய்லரில் கொண்டுவருவார்கள். நான் டவர் கிரேனில் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். சிமெண்டு மிச்சம், தண்ணீர் மிச்சம், ஊருக்குத் தூசு கிடையாது என்று வாசலில் பச்சை போர்டு வைத்திருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு முழு அறை தலைக்கு மேல் தொங்கும்போது அந்த போர்டை எழுதியவனைக் கொஞ்ச நேரம் கீழே நிற்கச் சொல்ல வேண்டும்.

பெட்டி உட்காரும் இடம் என் கேபினிலிருந்து தெரியாது. ஏற்கெனவே அடுக்கியவை மறைத்துவிடும். அங்கே நின்று சிக்னல் கொடுப்பவனின் குரலை நம்பித்தான் கை ஓட வேண்டும். அந்தக் குரல்காரனுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. சேரப்பணஞ்சேரிக்காரன், என் வயசுதான், வாய் கொழுப்பு. ஒரு நாள் பெட்டி அந்தரத்தில் தொங்க, இவன் போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் டீக்கடையில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா, மேல ஏசில குந்திகினு பெரிய கலெக்டராட்டம் பேசுற?" என்றவன், கையிலிருந்த டீ கிளாஸை என் புருவத்திலேயே உடைத்தான். நான் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைப் பெஞ்சில் மோதினேன். உதடு கிழிந்து தொங்கியது. நாலு பேர் இழுத்துத்தான் எங்களைப் பிரித்தார்கள். கண்ணில் ரத்தம் வழிய, "ஒரு நாளு உன் தல மேலயே எறக்கல, பாத்துக்கினே இரு" என்று கத்தினேன். கோபத்தில் மனுஷன் ஆயிரம் சொல்வான். சைட்டே அதைக் கேட்டது.

மறுநாள் காலை முறைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். "ஆரியா, ஆரியா, மெள்ள ஆரியா, நில்லு" என்றான். பெட்டி உட்கார்ந்தது. இனி அவன் மூலைக்கொன்றாக மாட்டியிருக்கும் நாலு கொக்கியையும் கழற்றிவிட்டு 'அபீஸ்' சொல்வான். நான் வெறும் கொக்கியை மேலே இழுத்துக்கொள்வேன். அதற்காகத்தான் காத்திருந்தேன். கரகரப்புக்கு நடுவே குரல் வந்தது. "அபீஸ், அபீஸ்." தூக்கினேன்.

கொக்கி கனத்தது. கை சட்டென்று நின்றது. அதற்குள், இன்னும் கழற்றாத ஒரு பக்கக் கொக்கிகளில் மாட்டியிருந்த பெட்டி சாய்ந்து எழும்பி, பக்கத்துப் பெட்டியோடு போய் அறைந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் இருந்தான். வாக்கி டாக்கியில் நான் கேட்ட அலறலை மனுஷக் குரல் என்று சொல்ல முடியாது. "ஆரியா, ஆரியா" என்று வேறு யாரோ அவன் வாக்கி டாக்கியை எடுத்துக் கதற, இறக்கினேன்.

அவனைக் கீழே கொண்டுவந்து ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். நான் ஏணியில் இறங்க இறங்க, கிரேன் அடியில் கூட்டம் சேர்வதைப் பார்த்தேன். கையில் கம்பி, சவுக்குக் கட்டை. மேலேயே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் கொலைகாரன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இறங்கினேன்.

"நேத்து சொன்னத இன்னிக்கி செஞ்சிட்டான்டா" என்று ஒருவன் ஹெல்மெட்டால் மூக்கில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. விழுந்தேன். கம்பி விலாவில் இறங்கியது. பூட்ஸ் கால்கள் வயிற்றிலும் வாயிலும் மாறி மாறி மிதித்தன. "அபீஸ்னு கேட்டுச்சுடா" என்று சொல்லப் பார்த்தேன், வாயில் ரத்தம்தான் வந்தது. வாக்கி டாக்கி வைத்திருந்த தொழிலாளிகள் நாங்கள் இரண்டு பேர்தான். என்னைத் தவிர அந்தக் குரலைக் கேட்டிருக்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அவன் சொன்னால் பிழைப்பேன், சொல்லாமல் கண்ணை மூடினால் அங்கேயே செத்தேன். செத்தால் கொன்றவன் என்ற பெயரோடுதான் சாவேன்.

பலகையிலிருந்து அவன் குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவன் எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னான்.

"உடுங்கடா அவன. அவன் வேணும்னு பண்ல. எஞ்சினியரு ஆபீஸ், ஆபீஸ்னு கூப்ட்டாரு. என் செட்லயும் கேட்டுச்சு. வாணாம்னு கத்த வாயெடுத்தேன், அதுக்குள்ள..." அதற்கு மேல் நுரை வந்தது.

அந்த எஞ்சினியர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த டிரெய்லர் எப்போது வரும் என்று கேட்க ஆபீஸைக் கூப்பிட்டிருக்கிறார். கொட்டகை என்று சொல்ல வேண்டும் என அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டம் என்னை விட்டுவிட்டு அவர் மேல் பாய்ந்தது. அதே கம்பிகள்தான். அவர் கை முறிந்து முழங்கைக்குக் கீழே தொங்கியது. "அவருக்குத் தெரியாதுடா, பாவிங்களா" என்று தரையில் கிடந்தபடி கத்தினேன். யார் கேட்டார்கள்.

ஒரே ஆம்புலன்ஸில் அவனையும் என்னையும் ஏற்றினார்கள். அவன் கண் திறந்துதான் இருந்தது, பேச்சு இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்கு முன்பே அந்தக் கண் அசைவதும் நின்றுவிட்டது.

பெரியாஸ்பத்திரிக்கு அவன் மனைவி சுங்குவார்சத்திரம் கம்பெனியிலிருந்து யூனிபார்ம் கோட்டோடு ஓடிவந்தாள். பிணத்தைப் பார்த்துவிட்டு நேராக என் கட்டிலுக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்கதான கூட வந்தீங்க. கடைசியா இன்னா சொன்னாரு?"

சொன்னேன். அவன் அந்த ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நானும் பக்கத்தில் பிணமாகத்தான் கிடந்திருப்பேன் என்றும் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எங்களப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"புள்ளயப் பத்தி கூடவா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவ்ளோ மூச்சு இருந்துச்சா அவருக்கு? அந்த மூச்ச எடுத்து உனக்கா குடுத்தாரு?" என்று இரண்டு கைகளாலும் என் நெஞ்சில் அறைந்தாள். உடைந்த விலா எலும்பின் மேலேயே மாறி மாறி அறைந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"உடுங்க சிஸ்டர்," என்றேன். "அடிக்கட்டும்."