அணிப் பெயருக்கு ஒரு வெள்ளைக் கட்டம்

பூதலூரைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிடுகிறது. பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் எதிரே ஒரு டிராக்டர். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட, நானும் இறங்குகிறேன்.

ஓரத்தில் ஒரு நெற்குவியலை ஃபிளெக்ஸ் பேனரால் மூடியிருக்கிறார்கள். அதில் கபடி உடையில் ஓர் இளைஞர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். கீழே, ‘கபடி லீக் ஏலத்தில் தேர்வான எங்கள் ஊர்ச் சிங்கமே!’ என்று வாழ்த்து. அணியின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்.

பக்கத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பவருக்கும் அதே முகம்.

“நீங்கதானே இது?”

“நானேதாங்க. ஏலத்துக்கு மொத நாளே பசங்க அடிச்சிட்டாங்க. எந்த டீம் எடுத்தாலும் பேரை ஒட்டிக்கலாம்னு எடம் வேற விட்டிருக்காங்க பாருங்க!”

“எடுக்கலையா?”

“காலேஜ்ல மூணு வருஷம் நான்தாங்க கேப்டன். ஊரே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. என் பேரை வாசிச்சாங்க, ஒரு டீமும் கேக்கல. ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியவே வரலைங்க. மூணாம் நாள் மழை. நெல்லை மூடத் தார்ப்பாய் பத்தல. இதைத் தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

சொல்லிவிட்டு, பேனரில் இருப்பதைவிடப் பெரிதாகச் சிரிக்கிறார்.

சட்டெனத் தூறல் விழுகிறது. பயணிகளும் இறங்கிவர, எல்லோரும் நெல்லை அள்ளிக் குவிக்கிறோம். பேனரை இழுத்துப் போர்த்தும்போது ஒரு முனை என் கையில். எதிர்முனையிலிருந்து அவர் கத்துகிறார்:

“சார், மூஞ்சி நனைஞ்சா பரவால்ல. அந்தக் கட்டத்தை மட்டும் உள்ள மடிச்சு விடுங்க. அடுத்த வருஷம் அதுல பேர் ஒட்டணும்!”