மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் புஷ்பவள்ளியின் வாய்க்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. செனவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து, வேனைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் நாலு பேரையாவது மட்டம் தட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மாலை போடுகிறார்கள் என்றால் கோயில் தலைவர் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாய்ப் போவார் என்பாள். எதிர்வீட்டுத் தாயம்மாளுக்குக் கேமராவைக் கண்டால்தான் அருள் வரும் என்பாள். அவள் சொல்வதில் முக்கால்வாசி உண்மையாக இருந்ததுதான் ஊருக்கு எரிச்சல்.

இந்த வாய் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல, புவனேஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டதால் வந்தது. அவள் புருஷன் தோட்டத்தில் மண்டோர். குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்களை விரட்டி வேலை வாங்குவது அவன் உத்தியோகம். தெரியாது என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. குழாய் ஒழுகினால் அவனே பழுது பார்ப்பான், அப்புறம் கூடம் முழுக்க ஒழுகும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான். நாலாவதைத் தூக்கிக் காட்டினால் அது வால் என்று சாதிப்பான்.

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் மகன் தர்மேந்திரன். ஒற்றைப் பிள்ளை, மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆகஸ்டு மாதம் ரந்தாவ் முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அவன்மேல் மோதியது. வலது கால் முறிந்தது. லோரி சிவப்பு விளக்கை மீறி வந்தது என்று அவன் போலீசில் சொன்னான். பையன்தான் சிவப்பில் பாய்ந்தான் என்று லோரி ஓட்டிய அர்ச்சுனன் சொன்னார். விசாரணை முடியும்வரை லோரியைத் தொடவேண்டாம் என்று லோரி முதலாளியான தவுக்கே அவரிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த அந்த மனிதரைப் புஷ்பவள்ளி வார்டு வாசலிலேயே நிறுத்தினாள்.

"பழத்தக் குடுத்து வாய மூட வந்தியா? ஒனக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸ் குடுத்தான்?"

அவர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

நடந்ததற்கு ஒரே சாட்சி ஒரு காரின் கேமரா. லோரிக்குப் பக்கத்துத் தடத்தில் வந்த சீனப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, அதில் பதிவான காட்சியைப் புவனேஸ்வரனின் கைப்பேசிக்கு அனுப்பினார். முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் என்ன செய்வதென்று முடிவு செய்யுங்கள் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். புவனேஸ்வரன் தலையை ஆட்டினான், ஆனால் பார்க்கவில்லை. என் பிள்ளை தப்பு செய்யமாட்டான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றான். கைப்பேசியில் இருந்தால் லோரி முதலாளியின் ஆட்கள் திருடிவிடுவார்களாம். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்தான். விசாரணை அன்று நேரில் கொண்டுபோய்ப் போட்டு எல்லார் முகத்திலும் கரி பூசுவேன் என்றான். அடிக்கடி ஓட்டினால் படம் தேய்ந்துவிடும் என்று வேறு சொன்னான். புஷ்பவள்ளிக்கும் அதைப் பார்க்கத் தெம்பில்லை. பெற்ற பிள்ளையின் கால் முறிவதை எந்தத் தாய் போட்டுப் பார்ப்பாள்? அதற்குள் ஆசிரியையின் கேமராவில் புதிய பதிவுகள் ஏறி, பழையது அழிந்துபோனது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் மோட்டார், புல்வெட்டும் மிஷின், குலை வெட்டும் அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அரிவாளுக்குத் தெளித்தால் அரிவாள் ஒன்றும் சொல்லாது. மகன் வழக்கு ஜெயிக்கவேண்டும் என்ற பக்தியில் புவனேஸ்வரன் மாவிலையைச் செம்பில் நன்றாக முக்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையிலிருந்த காற்றுத் துளைகளுக்குள்ளேயே உதறினான். ஒரு தடவை உதறியவனுக்குத் திருப்தி வரவில்லை. செம்பு காலியாகும்வரை உதறினான். மறுநாள் பொத்தானை அமுக்கியதும் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு கருகல் வாடை வந்தது.

"சாமி வரம் குடுத்துட்டாரு," என்றாள் புஷ்பவள்ளி.

பாரோயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த வனேசா என்ற பெண் உள்ளே இருந்த போர்டை மாற்றிக் கொடுத்தாள். திரைக்கு உயிர் வந்தது. ஆனால் நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றி, நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட ஒரு சாவியைக் கேட்டன.

"உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு அண்ட்டி," என்றாள் வனேசா. "ஆனா இந்த டிஸ்குக்குப் பழைய போர்டத்தான் தெரியும். புதுசப் பாத்ததும் யாரோ களவாண்டுட்டாங்கன்னு நெனச்சுப் பூட்டிக்கிச்சு. மொதல்ல யாரு அக்கவுண்டுல இத செட் பண்ணாங்களோ அதுல சாவி இருக்கும் லா."

"சாவி இல்லாம தொறக்க முடியாதா?"

"முடியாது. முடியும்னு சொல்றவங்ககிட்டக் குடுக்காதீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு வெறும் பொட்டியத்தான் தருவாங்க."

"நான்தான் செட் பண்ணேன். அக்கவுண்டெல்லாம் கெடையாது," என்றான் புவனேஸ்வரன்.

புஷ்பவள்ளி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கடையின் காற்றாடியைப் பார்த்தான். கம்ப்யூட்டரை அமைத்தது அவளுடைய தம்பி முருகையா. மந்தினிலிருந்து வந்து, அவள் கலக்கிய தேநீரைக் குடித்துக்கொண்டே, தன் சொந்தக் கணக்கைப் போட்டு அவன்தான் திறந்து கொடுத்தான். பிறகு கோயில் தேர்தலில் முருகையா எதிர் அணிக்குக் கை தூக்கினான் என்பதற்காக, இனி என் வாசலை மிதிக்காதே என்று எல்லார் முன்னாலும் புவனேஸ்வரன் அவனை விரட்டினான். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தானே அமைத்ததாகச் சொல்லித் திரிந்தான். சொல்லிச் சொல்லித் தானும் அதை நம்பிவிட்டான்.

"முருகையாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க," என்றாள் வழியில்.

"அவன் வாசல்ல போயி நான் நிக்கணுமா? எனக்கு வேற வழி தெரியும்."

அந்த வேறு வழியை அவள் வீட்டில் கண்ணால் பார்த்தாள். தன் பிறந்த நாள், மோட்டார் எண், என்றோ பரிசு விழுந்த நம்பர் என்று எல்லாவற்றையும் கோத்துத் தட்டினான். எலுமிச்சம்பழம் அறுத்தான். மகன் காலுக்காக ஊர் ஊராய் வேண்டிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. இவனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தர்மேந்திரன் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "விடுங்கம்மா. படம் இல்லாட்டி என்னா, நான் சொன்னதே போதும் லா," என்றான். வலியில் பேசுகிறது பிள்ளை என்று அவள் மனம் உருகினாள்.

விசாரணை நாள் நெருங்கியது. புஷ்பவள்ளி விடுப்பு எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் பஸ் ஏறினாள். முருகையா உட்காரச் சொன்னான், குடிக்கக் கொடுத்தான், எல்லாவற்றையும் கேட்டான்.

"சாவி என் அக்கவுண்டுல இருக்கும்க்கா. மச்சான் வந்து கேக்கட்டும்."

"அவரு வரமாட்டாரு."

"அப்ப சாவியும் வராது."

குடும்பத்தில் ஒரு கழுதைதான் இருக்கிறது என்று அவள் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். அழுதால் இவன் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்று தெரியும். கூடப் பிறந்தவன் அல்லவா, எங்கே தட்டினால் விழுவான் என்பதும் தெரியும். எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி தம்பி. நாளைக்கி எம்புள்ள கல்யாணத்துல தாய்மாமன் மொறைக்குப் பெரியப்பா மவன் ஆறுமுகத்த நிக்க வச்சுக்கறேன். அவனுக்கும் பட்டு வேட்டி எடுப்பாத்தான் இருக்கும்."

மேடையில் ஆறுமுகம் மாலையோடு நிற்பதை முருகையாவால் தாங்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்தான், கணக்கைத் திறந்தான், எண்களை அவள் முன் நீட்டினான். காலை ஒடித்துக்கொண்ட மருமகனுக்காக அசையாதவன் ஒரு மாலைக்காக அசைந்தான். தூ என்றிருந்தது அவளுக்கு. எண்களைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அவளே உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். பின்னால் நின்று அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு என்றான் புவனேஸ்வரன். திரை திறந்துகொண்டது.

"நான் சொன்னேன்ல, எப்படியும் தொறந்துரும்னு," என்றான்.

கூடத்திலிருந்து தர்மேந்திரன் குரல் கொடுத்தான். "அம்மா, அதப் போடாதீங்க."

போட்டாள். ஆசிரியையின் காருக்கும் லோரிக்கும் பச்சை விளக்கு எரிந்தது. லோரி மெதுவாகத்தான் நகர்ந்தது. பக்கத்துச் சாலையிலிருந்து, சிவப்பில் நிற்காமல், ஒரு கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்சல் மோட்டார் வந்தது. லோரி திணறி ஒடித்துத் திரும்பப் பார்த்தது. முடியவில்லை. அவள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். விளக்கு பச்சையாகவேதான் இருந்தது.

புவனேஸ்வரன் தணிந்த குரலில் பேசினான். "அழிச்சிடு. சாவி கெடைக்கலன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் கூடத்துக்கு வந்தாள். "ஒனக்கு மொதல்லயே தெரியும்."

"பயந்துட்டேம்மா," என்றான் தர்மேந்திரன். "போலீஸ் கேட்டப்ப வாயில வந்துருச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அவள் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். படத்தைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதியவர்களில் புருஷன் மட்டுமா இருந்தான்? வார்டு வாசலில் அர்ச்சுனனைப் பேசிய பேச்சு ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. புருஷனை நினைத்து எவ்வளவோ வெட்கப்பட்டிருக்கிறாள், தன்னை நினைத்து வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

காட்சியைப் பென் டிரைவில் ஏற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சட்டைய மாத்து. போலீஸ் பாலாய்க்குப் போறோம்."

புவனேஸ்வரன் வாசலை மறித்தான். "பெத்த புள்ளைய நீயே புடிச்சிக் குடுப்பியா?"

"நான் குடுக்கல. அவனே சொல்லுவான். ஒரு மனுசன் இவன் சொன்ன பொய்க்கு இத்தன நாளா வேல இல்லாம வூட்டுல உக்காந்திருக்காரு. நவுருங்க."

அவன் நகர்ந்தான். தர்மேந்திரன் சட்டையை மாற்றிக்கொண்டு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான். இத்தனை நாளும் செய்ததுபோலவே மற்றக் கையை அவள் தோளுக்கு நீட்டினான்.

புஷ்பவள்ளி தோளைக் கொடுக்கவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீயே நடந்து வா," என்றாள்.