நீரூற்றுக் காசு

என்னால் சும்மா உட்கார முடியாது. சினிமாக் கொட்டகையில்கூட இடைவேளை வருவதற்குள் எழுந்து வெளியே போய் வந்துவிடுவேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் அடுத்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்கள் என்று எக்கி எக்கிப் பார்ப்பேன். "உனக்குக் கால்ல சக்கரம் கட்டி உட்டுட்டாங்கடி" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவளை, வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியைத் திடீரென்று இழுத்து மூடி, மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கழுவின பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவுவேன். டிவி சீரியலில் வரும் மாமியாரோடு சண்டை போடுவேன். வாரத்துக்கு ஒருதரம் கட்டிலைத் திசை மாற்றிப் போடுவேன். வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்று உடம்பு பரபரத்தது. குடும்பத்துக்கு வருமானம் வேண்டும் என்பது ஒரு பக்கம். வீட்டிலேயே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பது இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிய காரணம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு கவர்மெண்ட் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். காட்டன் புடவை, தோளில் துணிப்பை, முகமெல்லாம் வேர்வை. உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார்.

"டவுன்ல ஒரு பார்க்குல பாட்டுக்கு ஆடற மாதிரி நீரூற்று வைக்கறதுக்குப் பணம் வந்துச்சும்மா. அந்த வேலை நடக்கல. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணலன்னா பணம் திரும்பிப் போயிடும். மேல பேசி, அதத் தொழில் பயிற்சிக்கு மாத்தி வாங்கியிருக்கோம். பவர் மெஷின்ல தைக்கக் கத்துக் குடுப்போம். முடிச்சவங்களுக்குச் சேதராப்பட்டுல ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில வேலை ரெடியா இருக்குது."

அந்த நீரூற்று எனக்குத் தெரியும். வட்டமாக ஒரு தொட்டி கட்டி, நீல நிற டைல்ஸ் ஒட்டினதோடு சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் ஏறியதில்லை. அதன் விளிம்பில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். பிள்ளைகள் அதற்குள் இறங்கிப் பந்து விளையாடுவார்கள்.

எனக்குச் சுரீரென்று வந்தது. "வருஷம் பூரா இன்னா மேடம் பண்ணீங்க? மார்ச் வந்தாதான் எங்க நெனப்பு வருமா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

மேடம் கோபப்படவில்லை. "நானே பொங்கலுக்கு அப்பறம்தாம்மா இந்த ஆபீசுக்கு வந்தேன். வந்து பாத்தா இவ்ளோ பணம் சும்மா கெடக்குது. நீங்க வரீங்களா, இல்ல திருப்பி அனுப்பிடட்டுமா?" என்றார்.

"வரேன்" என்றேன். கம்பெனியில் ஷிப்ட் காலை ஆறரைக்கு என்றதும் எல்லோரும் முனகினோம். எங்கள் ஊர் தவளக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, டவுனில் இறங்கி மாறி, சேதராப்பட்டு போய்ச் சேருவதற்குள் ஏழரை ஆகிவிடும். "அதுக்கும் வழி இருக்குது. மொத மூணு மாசத்துக்கு வேன் விடறோம். அந்தச் செலவும் இந்தப் பணத்துலதான்" என்றார் மேடம். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டோம்.

வேறு இடம் கிடைக்காததால் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மணமேடைக்கு முன்னால் வரிசையாக மெஷின்கள். வீட்டில் காலால் மிதித்துத் தைத்தவர்களுக்கு அந்த மெஷின் ஒரு பேய். பெடலில் விரல் பட்டாலே போதும், துணியை இழுத்துக்கொண்டு ஓடும். நான் என் குணத்துக்கு ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். ஊசி உடைந்து எங்கேயோ தெறித்தது.

"யக்கா, மெதுவாக்கா. அது இன்னா அம்மியா?" என்று பக்கத்து மெஷினிலிருந்து ஒரு குரல்.

அவளை எனக்கு முன்பே முகப்பழக்கம் உண்டு. கோயில் தெருவில் இருப்பவள், மாதா கோயில் தெரு. என்னைவிடச் சின்னவள். புருஷன் உடம்பு சரியில்லாமல் படுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து, போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் அந்தப் பேய் அவளிடம் பூனையாகிவிடும். காலர் தைப்பதில் அவளை அடிக்க அந்த வகுப்பில் ஆளில்லை.

"எனக்கு இந்த வேலை கெடச்சே ஆவணும்க்கா. வீட்டு வேலையில இன்னிக்கு இருப்போம், நாளைக்கு வேணாம்னு சொல்லிடுவாங்க. பி.எஃப். புடிக்கற வேலைக்கு ஒரு நாளாச்சும் போவணும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். கேட்டுக்கொண்டே என் டப்பாவிலிருந்த வறுத்த மீனில் பாதியை அவள் மூடியில் வைத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டாள்.

அரசாங்கம் அவசரப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த மண்டபத்தில்தான் பார்த்தேன். எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த அதே மண்டபத்தை ஒரு கல்யாணத்துக்கும் கொடுத்துவைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வாழை மரம் வந்து இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருநாள் விட்டால் நாள் கணக்கு குறையும், குறைந்தால் பில் பாஸாகாது. மெஷின்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் கீழே சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் போட்டோம். மேலே கெட்டிமேளம், கீழே எங்கள் மெஷின்கள். பெண் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அட, இன்னாம்மா இது, வந்து குந்துங்க" என்று எங்களையும் பந்தியில் உட்கார வைத்தார். மேடம் மட்டும் சாப்பிடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்த நடையைப் பார்த்ததும், இவரும் நம்ம ஜாதிதான், சும்மா உட்காரத் தெரியாத ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. மேடம் மணமேடைப் படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"வேன் கெடையாதும்மா."

"இன்னாது?"

"பயிற்சிய மார்ச்சுல முடிச்சிடறோம், அதுக்குக் காசு குடுக்கலாம். வேன் ஓடப்போறது வேலையில சேந்ததுக்கு அப்பறம். அடுத்த வருஷத்துல ஓடற வேனுக்கு இந்த வருஷக் காசைக் குடுக்க முடியாதுன்னு ஆடிட்ல அடிச்சிட்டாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன். அந்தப் பங்கு அப்படியே திரும்பிப் போவுது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்கு அடக்க முடியவில்லை. "நல்லா இருக்குதே கதை! சமைக்கக் காசு இருக்குது, சாப்பிட எல போடக் காசு இல்லியா? எங்கள இங்க குந்த வெச்சு காலர் தைக்க வெச்சீங்களே, அத எடுத்துக்கினு பறந்தா போவோம்?" என்று கத்தினேன். மேடம் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்ததும்தான் வாயை மூடினேன்.

ஆனால் கால்கள் நிற்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்தேன். தெருவில் வீட்டு வாசல்களில் ஸ்கூட்டிகள் வரிசையாக நின்றன. எதிர் வீட்டில் ஒரு வண்டி, பக்கத்து வீட்டில் இரண்டு. என் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. வீட்டுக்காரர் டவுனில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை. அங்கே வண்டி நிறுத்த இடமில்லை என்று பஸ்ஸில்தான் போவார். ஸ்கூட்டர் பகலெல்லாம் கவர் போட்டுத் தூங்கும், லீவு நாளில் டீக்கடைக்கு மட்டும் கிளம்பும். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்.

திரும்ப உள்ளே ஓடினேன். "மேடம், வண்டி ஓட்டக் கத்துக்கறதும் பயிற்சிதானே?"

"எந்த வண்டி?"

"ஸ்கூட்டர் மேடம்! வீட்டுக்கு வீடு வண்டி நிக்குது. எங்க யாருக்கும் ஓட்டத் தெரியாது, பின்னாடி குந்தத்தான் தெரியும். வேனுக்கு வெச்ச காசுல எங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. மார்ச்சுக்குள்ள முடிச்சிடலாம்."

மேடம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் வந்து, "நடங்க, எல்.எல்.ஆர். போடப் போவணும்" என்றார். எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். கோயில் தெருக்காரி மட்டும் ஒதுங்கி நின்று நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என் கும்மாளத்தில் அது எனக்குப் படவில்லை.

விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பு. டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் இரண்டு, வாத்தியார் ஒருவர். எதிரே டீக்கடையில் ஆம்பிளைகள் கிளாஸும் கையுமாக வேடிக்கை பார்க்க நின்றுவிடுவார்கள். நான் முதல் நாளே ஆக்ஸிலேட்டரை முறுக்கி கோல் போஸ்டில் போய் இடித்தேன். "கோலு!" என்று ஒருத்தன் கத்தினான். "உன் பொண்டாட்டிய அனுப்புடா, அவ செஞ்சுரியே அடிப்பா" என்று கத்திவிட்டு, முழங்காலைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறினேன்.

கோயில் தெருக்காரி முறை வந்தது. ஸ்டாண்டைத் தட்டினாள், ஏறினாள், மைதானத்தைச் சுற்றி எட்டுப் போட்டு வந்து, அலுங்காமல் நிறுத்தினாள். வாத்தியார் வாய் பிளந்து, "யாரும்மா கத்துக் குடுத்தது?" என்றார்.

"பிள்ளைங்க அப்பா" என்றாள். "லைசென்ஸ் கூட இருக்குது. வண்டிதான் இல்ல. ஆஸ்பத்திரி செலவுக்கு வித்துட்டோம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு வண்டி நிக்குது என்று கத்தினேனே! அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! "ஏன்டி அன்னிக்கே சொல்லல?" என்று அவளைத்தான் அதற்கும் திட்டினேன்.

"சொன்னா இன்னாக்கா ஆவும்? உங்களுக்காச்சும் கெடைக்கட்டும்னு இருந்தேன்."

"கெடைக்கட்டுமாம்! மூஞ்சப் பாரு. எனக்கு வண்டி இருக்குது, லைசென்ஸ் இல்ல. உனக்கு லைசென்ஸ் இருக்குது, வண்டி இல்ல. ஒண்ணா போவோம், நீ ஓட்டு. மூடிக்கினு வா" என்றேன். அவள் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் வண்டி குடுப்பாரா?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. நான் வீட்டில் பேச்செடுத்த அன்றைக்கு அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "என் வண்டிய எவளோ ஒருத்தி ஓட்டுவா, நீ பின்னாடி குந்திக்கினு போவியா? லாரி ஓடற ரோட்டுல? வேலைக்குப் போ, வேணாங்கல. நானே கொண்டுபோயி உடறேன்."

"நீங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து படுக்கற ஆளு. எத்தினி நாளு உடுவீங்க?"

"உடறேன்னு சொன்னா உடுவேன்டி!"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்கியிருப்பேன். பயிற்சி முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அந்த வாரம் முழுக்க நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சாவி சட்டைப் பையிலேயே கிடந்தது. அவளிடம் மட்டும், "நீ திங்கக்கெழம அஞ்சு மணிக்கு எங்க வீட்டு வாசலுக்கு வந்துடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது பக்கத்தில் அவரைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், மனிதர் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல நாள் கெட்ட நாளுக்கு மட்டும் எடுக்கும் சட்டை அது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் அந்த நேரத்துக்கு எழுந்ததில்லை.

"கெளம்பு, நேரம் ஆவுது" என்றார்.

தெருமுனையில் அவள் வருவது தெரிந்தது. சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் வண்டியோடு நிற்பதைப் பார்த்ததும், வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பதறியது.

"சாவி குடுங்க" என்றேன்.

"அதான் நான் உடறேங்கறேனே."

"உங்க பின்னாடி ஒருத்திதாங்க குந்தலாம். போவ வேண்டியது ரெண்டு பேரு."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அவள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்துக் கத்த வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் சும்மா நின்றேன்.

அவர் பைக்குள் கையை விட்டார். சாவியை என்னிடம் தரவில்லை. நேராக அவளிடம் நடந்து போய் நீட்டினார்.

"பின் பிரேக் கொஞ்சம் லூசா இருக்குதும்மா. பாத்துப் போங்க" என்றார்.

அவள் ஓட்ட, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். தெரு திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் வீட்டு வாசலில், வண்டி துடைத்த துணியோடு, போக இடமில்லாமல் அந்த நல்ல சட்டையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் எக்கிப் பார்த்தேன்.

"சும்மா குந்துக்கா" என்றாள் அவள். "வண்டி ஆடுது."