கிட்டங்கிக் கதவில் கிடைத்த குடும்பப்பெயர்

எங்கள் மகளுக்கு இங்கிலாந்தில் நர்சிங் படிக்க இடம் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அதற்கே உலை வைக்கப் பார்த்தார் என் வீட்டுக்காரர்.

விண்ணப்பத்தைப் போனில் நிரப்பும்போது 'குடும்பப்பெயர்' என்று ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பர்மாவில் யாருக்கு ஐயா குடும்பப்பெயர் இருக்கிறது? அப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்காரர்கள் போடும் இனிஷியல்கூட எங்கள் அடையாளக் கார்டில் கிடையாது. நான் காலைப் பசிக்குக் கடையில் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வருவதற்குள் மனுஷர் கட்டத்தை நிரப்பி அனுப்பியே விட்டார். என்ன பெயர்? ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் அவருடைய தாத்தா மூட்டை தூக்கிய சரக்குக் கிட்டங்கியின் கதவில் இன்னும் மங்கலாகத் தெரிகிறதே, அந்த வெள்ளைக்காரத் துரையின் பெயர்!

"நம்ம பேரப் போட்டா எவன் மதிப்பான்? இது கௌரவமான பேரு," என்றார்.

மூன்றாம் வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் விண்ணப்பத்தில் எப்படி வந்தது? ஏழு நாளில் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் இடம் இல்லை. மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் கரண்டியோடு நின்றேன். அவருடைய நல்ல காலம், வாசல் பக்கத்தில் இருந்தது.

டீக்கடைக்கு ஓடியவர், போனில் அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"அது அந்தத் துரை நாட்டுல ஒரு ஊர் பேராம். பொழைக்க வெளிய போனவங்கள அந்த ஊர் பேராலயே கூப்பிட்டிருக்காங்க. அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா இந்தப் பேருதானாம். கனடா, ஆஸ்திரேலியா வரைக்கும் பரவியிருக்கு!"

"ரங்கூன்லயும் ஒண்ணு பரவியிருக்குன்னு எழுதுங்க!" என்று கத்தினேன். "பொழைக்கப் போனவன் பேருதானே அது? உங்க தாத்தாவும் பொழைக்கத்தான் வந்தாரு. அவருக்கில்லாத கௌரவம் அதுல என்னத்தக் கண்டீங்க?"



மகளை எழுப்பி, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன், துரை, மூட்டை, கதவு எல்லாவற்றையும். நான்காம் நாள் பதில் வந்தது. இடம் உறுதி. குடும்பப்பெயர் இல்லாததால், அடையாளக் கார்டில் தனி வரியில் உள்ள தகப்பனார் பெயரையே அந்தக் கட்டத்தில் பதிந்திருக்கிறார்களாம்.

மனுஷர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "என் பேரையா போட்டிருக்கான்?" என்றவர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"ஆமா. உலகத்துலயே ரெண்டே பேருக்குத்தான் இந்தக் குடும்பப்பேரு," என்றேன்.

"ஒன்னையும் சேத்தா மூணு," என்றார்.

எனக்கெதற்கு, பர்மாவில் கல்யாணமானால் பெண்டாட்டி பெயர் மாறுவதில்லையே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மூணு," என்றேன்.