விளக்கேற்றாத வீட்டில் கற்பூர மணம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டிய டிஸ்பென்சரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம். பட்டப்பகலில் தனம் என்ற பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“சிஸ்டர், சீக்கிரம் வாங்க! எங்கொயந்தைக்கு இன்னாவோ ஆவுது!”

அவள் கணவர் ஷிஃப்டில் பூமிக்கடியில் இருந்தார். வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

பாயில் மூன்று வயது குமுதா கிடந்தாள். கண்கள் மேலே செருகியிருந்தன. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. உடம்பில் காய்ச்சல் இல்லை. வீடு முழுக்கக் கற்பூர மணம். ஆனால் சாமி படத்தின் முன் விளக்குகூட எரியவில்லை.

பக்கத்து வீட்டு ராஜம்மா வாசலிலிருந்தே கும்பிட்டாள். “தொடாதீங்க சிஸ்டர். ஆத்தா வந்துகீறா. கற்பூரம் ஏத்தாமயே வாசனை வருது பாருங்க.”

குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குனிந்தேன். அந்த மணம் அவள் மூச்சிலிருந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இழுப்பு நின்றது. குமுதா கண் திறந்து, எங்களில் யாரையும் பார்க்காமல், கூரையின் மூலையைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் ஒருத்தி குலவையிட்டாள். ராஜம்மா தட்டில் கற்பூரம் ஏற்றிவந்து குழந்தையின் முகத்தருகே நீட்டினாள். மறுபடி இழுப்பு வந்தது.

தட்டைத் தள்ளினேன். “தனம், இவ மேல ஏதாவது தடவுனீங்களா?”

“கொசுக்குத்தான் சிஸ்டர். தேங்கா எண்ணெயில கற்பூரத்தக் கொழைச்சுத் தடவுவேன்.” கட்டிலடியில் துழாவிக் கிண்ணத்தை எடுத்தாள். “காலைல பாதி இருந்துச்சே...”

கிண்ணம் காலி. குமுதாவின் கவுன் முன்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு.

யாரோ பால் கொண்டுவந்தார்கள். “வேணாம். வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க,” என்று தடுத்து, அவள் மேலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிடைத்த லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலும் ஒருமுறை இழுத்தது. கிண்ணத்தை முகர்ந்து பார்த்த டாக்டர் உடனே ஊசி போட்டார். மறுநாள் குமுதா இட்லி கேட்டு அழுதாள்.

அவள் வீடு திரும்பியபின் ஒருநாள் பார்க்கப் போனேன். தனம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றி நிறையக் குங்குமம் அப்பியிருந்தார்கள். பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு காலில் விழ, குமுதா சிரிக்காமல் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

தனம் குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்துவந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். “இவ ஆத்தா இல்ல! கொசு மருந்தக் குடிச்ச கொயந்த! போங்க எல்லாரும்!” அப்போதுதான் குமுதா வீறிட்டு அழுதாள். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு வலிப்போடு எந்தக் குழந்தையைக் கொண்டுவந்தாலும், முதலுதவி செய்துகொண்டே இதைத்தான் கேட்பேன்: “கொசுக்கு வீட்ல இன்னா வச்சிருக்கீங்க? எங்க வச்சிருக்கீங்க?”